உறைபனியில் படகிறக்க எது ஏற்றது: உருளை டிரெய்லரா, கம்பளச் சட்டமா?

நயாகரா அருவிக்குக் கீழே, நியூயார்க் மாநிலத்து லூயிஸ்டன் ஊர்ப் பக்கம், ஸ்டீல்ஹெட் மீனுக்காக ஜனவரியிலும் படகிறக்குகிறார்கள். நீரோட்டம் வலுத்த இடமாதலால் ஆறு எளிதில் உறையாது. உறைவது படகிறக்கும் கரைச் சரிவுதான். பனி பெய்யாத நாளில்கூட அது வழுக்கும். முன்னால் வந்தவர் படகை மேலேற்றும்போது, வண்டியின் பின்னால் படகைச் சுமந்துவரும் டிரெய்லரிலிருந்து வடியும் நீரே அடுத்தவருக்குப் பனிக்கட்டியாகிவிடுகிறது.

ஆகவே, டிரெய்லரின் விலையைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: படகை இறக்க, வண்டியின் பின்சக்கரங்கள் எவ்வளவு தூரம் கீழே போக வேண்டும்?

ஒரு வகை டிரெய்லரில், கம்பளம் சுற்றிய மரச்சட்டங்கள் படகின் அடிப்பகுதியை நெடுகத் தாங்குகின்றன. தேய்மானம் குறைவு, பராமரிப்பும் சொற்பம். கோடைக்கு நான் இவற்றையே சொல்வேன். குளிர்காலத்தில் கதை வேறு. படகு மிதக்க டிரெய்லரை ஆழமாக இறக்க வேண்டும். அப்போது வண்டியும் கூடவே இறங்குகிறது. போதாக்குறைக்கு, கம்பளத்தில் ஊறிய நீர் இரவில் உறைந்து படகை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கோடையில் படகு நகராவிட்டால் பின்னோக்கிச் செல்லும்போது பிரேக்கை வெடுக்கென்று மிதிப்பார்கள். பனிச்சரிவில் அந்த வித்தையைக் காட்டினால் வண்டியே ஆற்றுக்குள் சறுக்கும். வெந்நீரால் இளக்க நினைப்பவர்கள் டிரெய்லர் நீருக்குள் போனபின் ஊற்றட்டும். சரிவில் ஊற்றினால் அது இன்னொரு அடுக்குப் பனிக்கட்டி.

உருளை டிரெய்லரில் படகு சுழலும் உருளைகள்மேல் அமர்வதால் ஒட்டும் பரப்பு சிறியது; ஆழமும் அவ்வளவு தேவையில்லை. 14, 16 அடி அலுமினியப் படகைச் சக்கரம் நனையாத இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டே தள்ளிவிடலாம். உருளைகளும் அச்சில் உறையும். இறக்குமுன் ஒவ்வொன்றையும் கையால் சுழற்றிப் பார்த்தால் போதும். உண்மையான ஆபத்து நேர்மாறானது: படகு தானாக ஓடிவிடும். படகை டிரெய்லரோடு பிடித்திருக்கும் விஞ்ச் வாரைச் சரிவின் மேலேயே கழற்றுகிற கோடைப் பழக்கம் இங்கே கூடவே கூடாது. கம்பளத்துக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை பதித்த சட்டங்கள் நடுவழி. அவை நீரை உறிஞ்சுவதில்லை, ஆனால் அவற்றிலும் படகு நழுவும்.

சரிவில் தூவ உப்பா, மணலா? எனக்கு மணல்தான். சாதாரண உப்பு சுமார் -9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மந்தமாகிவிடும், டிரெய்லரை அரிக்கும், ஆற்றிலும் கலக்கும். மணல் எந்தக் குளிரிலும் பிடி தரும். வாளியிலேயே கட்டிதட்டாதபடி உலர்ந்திருந்தால் சரி. பூனை மண் (வளர்ப்புப் பூனையின் கழிவுத் தட்டில் போடும் துகள்) வேண்டாம், நனைந்ததும் களிமண்தான்.

மேலேற்றும்போது இரு வகைக்கும் வேலை ஒன்றே. நீர் விளிம்பிலேயே சற்று நின்று வடியவிடுங்கள், படகின் வடிகால் தக்கையை உறைவதற்குள் எடுங்கள், வெளிப்பொருத்து மோட்டாரைச் செங்குத்தாக இறக்கி அதிலுள்ள நீரை வெளியேற்றுங்கள். உயிர்காப்பு அங்கி சரிவிலேயே உடலில் இருக்கட்டும். நியூயார்க் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் மே 1 வரை, 21 அடிக்குக் குறைவான படகுகள் ஓடும்போது அதை அணிவது சட்டப்படியே கட்டாயம்.

கனமான ஃபைபர்கிளாஸ் படகு வைத்திருப்பவர்களுக்கு உருளைகளைப் பரிந்துரைக்க மாட்டேன். எடை சில புள்ளிகளில் மட்டும் அழுந்துவது அடிப்பகுதிக்கு நல்லதல்ல. அக்டோபரோடு படகை மூடி வைப்பவர்களும் இருக்கிற கம்பளத்தை மாற்ற வேண்டியதில்லை.