மூக்களவும் மொழியிலக்கணமும்: தோடர் மரபை ஆராய்ந்த இரு வழிகள்

19ஆம் நூற்றாண்டில் உதகைக்கு வந்த ஐரோப்பியர் சிலர், நீலகிரி மலைப் பழங்குடியினரான தோடர்களின் உயரத்தையும் தாடியையும் கண்டு, அவர்களை ரோமானியர் வழிவந்தோர் என்றும் இஸ்ரேலின் தொலைந்த குலத்தார் என்றும் ஊகித்தனர். பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தோடர்களுடைய தலையையும் மூக்கையும் அளந்தார். அளவுகள் துல்லியமாக இருக்கலாம்; அவற்றிலிருந்து குலமேன்மையை வருவிக்க முயன்றதே கோளாறு. ஆரிய இனக் கொள்கையும் இவ்வாறே இயங்கியது: முடிவு முதலில் வந்தது, சான்று பிறகு தேடப்பட்டது, பொருந்தாத முகம் எதிர்ப்பட்டால் ‘கலப்பு’ என்று சொல்லிக் கேள்வி வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

மொழிவழி ஆய்வு வேறு வகையானது. 1930களில் மொழியியலாளர் எமனோ நீலகிரியில் தங்கித் தோடர் பேச்சைக் கேட்டுப் பதிவுசெய்தார். அம்மொழி தமிழைப் போலவே தென்திராவிடக் கிளையைச் சேர்ந்தது என்பதற்கு ஒழுங்கான ஒலிமாற்றங்கள், அதாவது ஒரு மொழியின் ஒலி மற்றதில் விதிப்படி வேறொலியாக வருவது, சான்று. அவற்றில் பிழையிருந்தால் எவரும் சுட்டிக்காட்டித் திருத்தலாம். அதனாலேயே நான் இவ்வழியை ஏற்கிறேன்.

எனினும் மொழியுறவு இரத்த உறவாகிவிடாது. ஆரியச் சொல்லாட்சியைப் பரப்பிய மொழியறிஞர் மாக்ஸ் முல்லரே 1888இல் ‘ஆரிய இரத்தம்’ என்னும் பேச்சைக் கண்டித்தார். ‘திராவிட இரத்தம்’ என்று பெருமை பேசும் நம்மவர்களுக்கும் அக்கண்டனம் பொருந்தும்.