மேய்ச்சல் நிலம் மாறிய மாடு: ஹுவானா மொலினாவின் ‘செகுந்தோ’

1990களின் தொடக்கத்தில் அர்ஜென்டினா மக்களுக்கு ஹுவானா மொலினா என்றால் தொலைக்காட்சியில் விதவிதமான வேடங்களில் வந்து சிரிக்க வைக்கும் பெண். அவருடைய நகைச்சுவைத் தொடர் 1991இல் தொடங்கிப் பெரும் புகழ் பெற்றது. தாங்கோ பாடகரான தந்தை ஒராசியோ மொலினாவிடம் சிறுமியாகவே கிதார் கற்றிருந்த அவர், அந்தப் புகழின் உச்சியில் நடிப்பை விட்டுவிட்டுப் பாட்டுக்குத் திரும்பினார். 1996இல் குஸ்தாவோ சாந்தாவோலாயாவின் தயாரிப்பில் முதல் இசைத்தொகுப்பான ‘ராரா’ வந்தது. விசித்திரமானவள் என்று பொருள்படும் பெயரைச் சூடிய அதுவே அவருடைய தொகுப்புகளில் விசித்திரம் மிகக் குறைந்தது என்பது ஒரு வேடிக்கை. சிரிக்க வந்த கூட்டத்துக்கு அதுவும் பிடிக்கவில்லை.

2000இல் வெளிவந்த ‘செகுந்தோ’ என்ற இரண்டாம் தொகுப்பில்தான் அவர் தம் வழியைக் கண்டடைந்தார் என்பது என் கணிப்பு. நைலான் தந்திக் கிதாரில் ஒரு சிறு சுற்று தொடங்கி மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது; அதன் மேல் சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் ஓர் இழை அந்தச் சுற்றோடு பொருந்தியும் பொருந்தாமலும் ஊர்ந்து செல்கிறது; இரண்டுக்கும் நடுவே, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று பாடுவதைப் போன்ற தாழ்ந்த குரல். பெரிய தாள முழக்கமோ, பல்லவி வந்ததும் எல்லாக் கருவிகளும் எழும்பும் வழக்கமோ இதில் இல்லை. கேட்பவர் அசையாத சுற்றில் மயங்கியிருக்கும்போது எந்த இழை எப்போது விலகியது என்பதே தெரியாமல் பாட்டு வேறோர் இடத்தில் நிற்கும். தம்பூராச் சுருதியோடு கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த மயக்கம் அவ்வளவு அந்நியமாக இராது.

இதை நாட்டார் இசையும் மின்னணு இசையும் கலந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் இங்கே நாட்டார் மரபு தாளத்தில் இருப்பதைவிடச் சொல்லில்தான் அதிகம் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு, காவுச்சோ எனப்படும் சமவெளி மாட்டுக்காரர்களைப் பற்றி ஹொசே எர்னாந்தெஸ் எழுதிய ‘மார்த்தீன் ஃபியெர்ரோ’ காவியத்தின் பெயர். இன்னொன்றின் தலைப்பும் அதே காவியத்தில் வரும் முதுமொழியிலிருந்து வந்தது: மேய்ச்சல் நிலம் மாறும் மாடு ஈனுவதற்குத் தாமதமாகும். 1976 இராணுவப் புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு பாரிசில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்து, பிறகு தொழிலையும் மாற்றிக்கொண்டு, நாற்பதை நெருங்கும் வயதில் தம் இசையைக் கண்ட ஒருவர் அந்தத் தலைப்பை வைக்கும்போது அது வெறும் பழமொழியாக நின்றுவிடுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. தொகுப்பு தேவைக்கு மேல் நீளம். பின்பாதியில் ஓரிரு பாட்டுகள் முன்பே கேட்ட சுற்றின் நிழலாகவே படுகின்றன. இரைச்சலான பேருந்தில் கேட்டால் பாதி காதில் விழாது. நல்ல ஹெட்போனும் அமைதியான இரவும் வேண்டும்.

நீளம் பொறுக்காதவர்கள், ஒலிகளைக் குறைத்துக் கிதாரை முன்னுக்குக் கொண்டுவந்த ‘த்ரெஸ் கோசாஸ்’ (2002) தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ‘ஊன் தீயா’வில் (2008) சொற்களே உடைந்து அசைகளாகித் தாளமாகின்றன, அவருடைய துணிச்சலான படைப்பு அதுதான், ஆனால் முதலில் கேட்க ஏற்றதன்று. ‘ஹாலோ’வுக்கு (2017), எலும்புகள் புதைந்த நிலத்தின் மேல் இரவில் மிதப்பதாக அர்ஜென்டினா கிராமத்தார் நம்பும் தீய ஒளியிலிருந்து பெயர் வந்தது. நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசின் உறவு என்று வைத்துக்கொள்ளலாம். இசையும் அதற்கேற்ப இருண்டிருக்கிறது. மேடையில் அவர் ஒவ்வோர் இழையையும், பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் காலால் இயக்கும் கருவியான லூப் பெடலில் தாமே பதிந்து அடுக்கிக்கொண்டு போகும் காணொளிகளையும் தேடிப் பாருங்கள். ‘செகுந்தோ’வைக் கேட்கையில் எங்கே காது கொடுக்க வேண்டும் என்பது அவற்றைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.