செருப்புத் தானமா, கடன் தீர்ப்பதா? ராப்பபோர்ட்டும் ரவுஸும்

'பசுவைக் கொன்று செருப்புத் தானம்' என்று நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. ஊரை இடித்துக் கட்டிச் சம்பாதித்த ஒருவர் வயதான காலத்தில் அறக்கட்டளை தொடங்கினால் முதலில் நாக்கில் வருவது அதுதான். அது எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்துமா என்று பார்க்க, அமெரிக்காவில் இரண்டு கட்டுமான அதிபர்கள் கிடைக்கிறார்கள். ஒருவர் பாஸ்டனின் ஜெரோம் ராப்பபோர்ட் (1927–2021). மற்றவர் மேரிலாந்தின் ஜேம்ஸ் ரவுஸ் (1914–1996). இருவர் பெயரைச் சொல்லும் இடங்களும் பாஸ்டனில் கால் மணி நேர நடைத் தூரத்துக்குள் இருக்கின்றன.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட, யாருக்குக் கொடுத்தார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

ராப்பபோர்ட் நியூயார்க் பிராங்க்ஸில் பிறந்தவர். 16 வயதில் ஹார்வர்டுக்குள் நுழைந்த கெட்டிக்காரர். 1949 மேயர் தேர்தலில் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி என்ற பழம் தின்று கொட்டை போட்ட அரசியல்வாதியை எதிர்த்து ஜான் ஹைன்ஸ் நின்றபோது, அவருக்காக இளைஞர்களைத் திரட்டினார். ஹைன்ஸ் ஜெயித்தார், ராப்பபோர்ட் மேயரின் உதவியாளர் ஆனார். அப்புறம் வெஸ்ட் எண்ட் என்ற பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை அவருடைய குழுவிடம் வந்து சேர்ந்தது. மேயர் அலுவலகத்தில் இருந்தவர் கைக்கே நகரத்தின் நிலம் போனதா என்ற முணுமுணுப்பு இன்றுவரை ஓயவில்லை.

வெஸ்ட் எண்ட் எப்படிப்பட்ட இடம்? குறுகிய தெருக்கள், நாலைந்து மாடிச் செங்கல் கட்டடங்கள், குறைந்த வாடகை. இத்தாலியர், யூதர், போலந்துக்காரர், ஐரிஷ்காரர் என்று கலந்து வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் நடிகரான லெனார்ட் நிமோய் அங்கே வளர்ந்தவர்தான். நகராட்சி அதற்கு வைத்த பெயர் சேரி. குப்பை அள்ளுவதை வேண்டுமென்றே குறைத்துவிட்டு, பிறகு குப்பையைக் காட்டியே சேரி என்றார்கள் என்று பழைய குடிகள் சொல்வார்கள். சமூகவியலாளர் ஹெர்பர்ட் கேன்ஸ் இடிப்புக்கு முன்னால் அங்கே சில மாதங்கள் குடியிருந்து பார்த்தார். வறுமை இருக்கிறது, ஆனால் இது உயிருள்ள ஊர் என்பதே அவர் கண்டது. அதெல்லாம் எடுபடவில்லை. 1958-இல் இடிக்கத் தொடங்கினார்கள். சுமார் 2,700 குடும்பங்கள் வெளியேறின.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1949-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டப்படி, நிலத்தை வாங்கி இடித்துச் சுத்தம் செய்து, பிறகு கட்டுமான நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் கொடுப்பதால் வரும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். மீதி நகரத்தின் தலையில். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அந்தக் கதைதான். அந்த நிலத்தில் கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன் வரைபடத்தில் சார்ல்ஸ் ரிவர் பார்க் என்ற உயரமான அடுக்குமாடிகள் எழும்பின. பழைய வாடகைக்காரர்களுக்கு அவை எட்டாக்கனி. பக்கத்துச் சாலையில் போக்குவரத்து நெரிசலில் தவிப்பவர்கள் பார்க்கும்படி ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள்: 'நீங்கள் இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பீர்கள்.' அங்கேயே குடியிருந்து வெளியேற்றப்பட்டவர் அதைப் படித்தபடி காரில் கடந்து போவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இதைவிடக் கொடூரமான விளம்பர வாசகம் எனக்குத் தெரியாது, எழுதியவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது என்றாலும்.

இப்போது ரவுஸ். இவரை உத்தமராகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. அடமானக் கடன் தொழிலில் தொடங்கி, புறநகர் மால்கள் கட்டிப் பெரியவரானார். அந்த மால்களே நகர மையக் கடைத்தெருக்களின் வியாபாரத்தை உறிஞ்சின. 1953-இல் அதிபர் ஐசன்ஹோவர் அமைத்த வீட்டு வசதி ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். 'நகர்ப்புறப் புதுப்பிப்பு' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். ஆக, வெஸ்ட் எண்டை விழுங்கிய அந்தக் காலத்துச் சிந்தனையில் அவருக்கும் பங்குண்டு.

ஆனால் அவர் நிலம் சேர்த்த விதம் வேறு. மேரிலாந்தில் புதிதாக எழுப்ப நினைத்த கொலம்பியா என்ற ஊருக்காக ஹோவர்ட் கவுன்டியில் சுமார் 14,000 ஏக்கரை, யார் வாங்குகிறார்கள் என்று தெரியாதபடி பல நிறுவனப் பெயர்களில் 1962, 63-இல் வாங்கினார். தந்திரம்தான். ஆனாலும் விற்றவர் விலை பேசி விற்றார், யாருக்கும் வெளியேற்ற உத்தரவு வரவில்லை. 1967-இல் திறந்த அந்த ஊரில் கறுப்பர், வெள்ளையர் பாகுபாடில்லாமல் வீடு விற்றார்கள். அந்தக் காலத்து மேரிலாந்தில் அது சின்ன விஷயமில்லை.

பாஸ்டனில் ரவுஸ் கை வைத்தது குயின்சி மார்க்கெட் என்ற 1826-ஆம் ஆண்டுக் கட்டடத்தில். அதையும் பக்கத்து வரிசைகளையும் 99 வருடக் குத்தகைக்கு எடுத்து, கட்டடக் கலைஞர் பெஞ்சமின் தாம்ப்சனுடன் சேர்ந்து புதுப்பித்தார். உள்ளூர் வங்கிகள் கடன் தரத் தயங்கின. 1976 ஆகஸ்ட் 26 திறப்பு விழா நெருங்கியும் பல கடைகளுக்கு ஆள் வரவில்லை. காலி இடம் பல்லிளிக்கக் கூடாதே என்று கைவினைக்காரர்களை அழைத்துத் தள்ளுவண்டிகளில் வியாபாரம் செய்யச் சொன்னார்கள். கூட்டம் அலைமோதியது, ஒட்டுப்போட வந்த வண்டிகளே பேர்வாங்கின. சரி, அங்கேயும் பழைய மொத்த வியாபாரிகள் போய் சுற்றுலாக் கடைகள் வந்தன என்ற குறை நியாயமானதே. ஆனாலும் கட்டடம் நிற்கிறது.

கொடைக்கு வருவோம். ராப்பபோர்ட்டின் அறக்கட்டளை 1997-இல் தொடங்கியது. ஹார்வர்ட் கென்னடி பள்ளியில் பாஸ்டன் வட்டார நிர்வாகத்தை ஆராயும் மையம், அரசு அலுவலகங்களில் கோடைக்காலப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு உதவித்தொகை, சட்டக் கல்லூரிக்கு நன்கொடை, மூளை, மனநல ஆராய்ச்சி, நியூ இங்கிலாந்து கலைஞர்களுக்குப் பரிசு என்று போனது. உதவித்தொகைத் திட்டம் உருப்படியானது என்றே நினைக்கிறேன். பணக்கார வீட்டுப் பிள்ளையால்தான் சம்பளமில்லாமல் நகராட்சியில் வேலை கற்க முடியும் என்ற நிலையை அது கொஞ்சம் மாற்றுகிறது. ஆனால் இந்தப் பட்டியலில் வீடிழந்தவர் எங்கே? நகர நிர்வாகத்தைப் பற்றி ஆராயப் பணம் கொடுத்தவர், வெஸ்ட் எண்ட் திட்டத்தை நியாயப்படுத்தியே பேசிவந்தார்.

ரவுஸின் கதை 1970-களின் தொடக்கத்தில் திரும்புகிறது. வாஷிங்டனில் ஒரு சிறிய திருச்சபையைச் சேர்ந்த பெண்கள், ரிட்ஸ், மொசார்ட் என்று ஆடம்பரப் பெயர் கொண்ட இரண்டு பாழடைந்த அடுக்குமாடிகளை ஏழைகளுக்காக வாங்க ஆசைப்பட்டு அவரிடம் யோசனை கேட்டார்கள். வேண்டாம், தாங்க மாட்டீர்கள் என்றார். அவர்கள் முன்பணத்தைக் கட்டிவிட்டு மறுபடி வந்து நின்றார்கள். மனிதர் அசந்துபோய் பணத்துக்கு வழி செய்தார். அதைப் பெரிய அளவில் செய்யத்தான் 1982-இல் மனைவி பேட்டியுடன் என்டர்பிரைஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். குறைந்த வருமானக்காரர் வீடுகளுக்கான வரிச்சலுகை 1986-இல் சட்டமானபின், அதை வைத்து முதலீட்டாளர்களை இழுக்கும் வேலையில் அந்த அமைப்பு முன்னால் நின்றது.

தோல்விகளும் உண்டு, அவற்றை மறைத்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும். அறக்கட்டளைக்கு லாபம் சேர்க்க டொலிடோ, ஃபிளின்ட் போன்ற நகரங்களில் கட்டிய சந்தைகள் சில வருடங்களிலேயே படுத்துவிட்டன. பால்டிமோரின் சான்ட்டவுன்-வின்செஸ்டரில் மேயர் கர்ட் ஷ்மோக்குடன் கைகோத்து 10 கோடி டாலருக்கு மேல் இறக்கிய முயற்சியில் வீடுகள் வந்தன, வேலைகள் வரவில்லை. 2015-இல் போலீஸ் பிடியில் காயமடைந்து இறந்த ஃப்ரெடி கிரே அந்தப் பகுதிக்காரர்.

இருந்தாலும் இரண்டில் எது என்றால் ரவுஸ் பக்கம்தான் நான். அவர் சம்பாதித்ததும் கட்டடத் தொழிலில், திருப்பிக் கொடுத்ததும் அதே தொழிலில். தோற்றாலும் அதே களத்தில் தோற்றார். ராப்பபோர்ட்டுக்குச் சொலவடை முழுக்கப் பொருந்துகிறது என்றும் சொல்ல மாட்டேன். திட்டம் போட்டது அவர் ஒருவர் அல்ல, சேரி என்று முத்திரை குத்தியது நகரம், பணம் கொடுத்தது வாஷிங்டன். பாஸ்டன் நகரத்தின் மறுவளர்ச்சி அமைப்பு 2015-இல் வெஸ்ட் எண்ட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அப்போது ராப்பபோர்ட்டுக்கு 88 வயது.

பாஸ்டன் போகிறவர்கள் குயின்சி மார்க்கெட்டை எப்படியும் பார்த்துவிடுவார்கள். அங்கிருந்து நடந்து லொமாஸ்னி வே தெருவுக்குப் போனால், இடிபடாமல் தப்பிய ஒரே ஒரு பழைய குடியிருப்புக் கட்டடம் தனியாக நிற்கும். சுவரில் விளம்பரப் பலகை மாட்டியிருப்பார்கள்.