லித்தியம் மாத்திரை: நீண்ட நாளாகச் சாப்பிடும் ஒருவரின் விமர்சனம்

பைபோலாருக்கு, அதாவது மனநிலை மிகையான உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்க்கு, எனக்குக் கொடுத்த மருந்துகளில் என்னை நிலையாக நிற்க வைத்தது லித்தியம் கார்பனேட்தான். நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது, ஏனென்றால் சாப்பாடும் உடற்பயிற்சியும் இந்த மருந்துக்குத் துணை என்று சொல்வதே போதாது, ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு நிற்கும் என்பதையே அவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

காரணம் எளிமையானது. லித்தியம் ஒரு தனிமம், சோடியத்துக்குப் பக்கத்துச் சொந்தம். சிறுநீரகத்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உப்பைத் திடீரென்று குறைத்தால் உடம்பு சோடியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும், அளவு ஏறிவிடும். உப்பைக் கூட்டினால் தலைகீழ், மருந்து வெளியே போய்விடும். அதனால் உப்பு அதிகமா கம்மியா என்பதைவிட நேற்றும் இன்றும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். காபி விஷயமும் இப்படித்தான். தினமும் குடித்துக்கொண்டிருந்து ஒரே நாளில் நிறுத்தினால் லித்தியம் அளவு கூடலாம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா, எடை குறைக்க ஏதாவது டயட் ஆரம்பிக்கப் போகிறீர்களா, முதலில் மனநல மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உடற்பயிற்சி கண்டிப்பாக வேண்டும். இந்த மருந்தில் எடை கூடும், தாகமும் அதிகம், அந்தத் தாகத்துக்குச் சர்க்கரை பானமாகக் குடித்தால் எடை இன்னும் வேகமாக ஏறும். வெறும் தண்ணீர் போதும். தினமும் ஒரே நேரத்தில் வேகமாக நடப்பது எனக்கு மிகவும் ஒத்துப்போகிறது, தூக்க நேரமும் அதனால் ஒழுங்காகிறது, பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்கம் குலைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொளுத்தும் வெயிலில் நீண்ட ஓட்டம், தண்ணீர் குடிக்காமல் வியர்க்க வியர்க்கப் பயிற்சி, இதெல்லாம் வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் தேங்கும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாட்களிலும் இதே ஆபத்துதான், அன்றைக்கு மாத்திரை போடலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. பலருக்கு அலுப்பு தருவது இதுதான், எனக்கோ இந்த மருந்தில் பிடித்த விஷயமே இதுதான், ஏனென்றால் மனநல மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு எண்ணைப் பார்த்து டோஸ் முடிவு செய்யும் வசதி கிடையாது. நீண்ட காலம் எடுப்பவர்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்வார்கள், 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு லேபில் கடைசி டோஸ் எப்போது என்று கேட்காமலேயே ஊசியை எடுத்தார்கள், அப்படி எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, அதனால் நேரத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பக்க விளைவுகளில் எனக்கு லேசான கைநடுக்கம் உண்டு, அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கும். மனது மழுங்கிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். டோஸ் கூடுதலாக இருந்தபோது எனக்கும் கொஞ்சம் மந்தமாக இருந்தது, டாக்டர் குறைத்ததும் சரியானது, அதனால் அப்படி இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள். திடீரென நிறுத்தினால் மேனியா, அதாவது அந்த மிகையான உற்சாக நிலை, திரும்ப வரும் அபாயம் மிக அதிகம், நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் அதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

மாத்திரையைப் பற்றி: மெதுவாகக் கரையும் வகை வயிற்றுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் அதை நசுக்கவோ மெல்லவோ கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். மருந்துக்கடையில் வேறு பிராண்டு கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், உடம்பில் சேரும் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் மேனியாவுக்கு இது உதவுகிறது என்று 1949-இல் எழுதினார், அமெரிக்கா 1970-இல்தான் அனுமதித்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பைபோலாருக்கு டாக்டர்கள் முதலில் யோசிக்கும் மருந்துகளில் இது இருக்கிறது என்றால் அது விளம்பரத்தால் இல்லை.

தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், லித்தியம் அளவை ஏற்றிவிடும், பாராசிட்டமால் பரவாயில்லை. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இப்படித்தான், எந்த டாக்டரிடம் போனாலும் லித்தியம் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி, குழப்பம், இவையெல்லாம் லித்தியம் அளவு மீறியதற்கு அடையாளம், வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு.