8085 டிரெய்னர் கிட்: நான்கு மாதம் தட்டிப் பார்த்த பிறகு

நான்கு மாதமாக என் மேசையில் ஒரு 8085 டிரெய்னர் கிட் இருக்கிறது: இன்டெலின் 8085 என்ற 8-பிட் மைக்ரோபிராசசரில் புரோகிராம் எழுதிப் பழகும் பலகை. ஆறு இலக்க செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே, ஹெக்ஸ் கீபேட் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை), மானிட்டர் புரோகிராம் ஏற்றிய ஈப்ரோம், 8000-இல் தொடங்கும் ராம். அசெம்பிளர் கிடையாது. கட்டளையைக் காகிதத்தில் எழுதி, ஆப்கோடு (அந்தக் கட்டளைக்கான எண்) தேடி, ஒவ்வொரு பைட்டாகத் தட்ட வேண்டும். கம்ப்யூட்டரிலேயே நல்ல சிமுலேட்டர்கள் இருக்கும்போது இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள்.

அட்ரஸிங் மோடு, அதாவது கட்டளைக்கு வேண்டிய எண் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முறை, புரிய வேண்டும் என்றால் இதுதான் வேண்டும் என்பேன். திரையில் எல்லாக் கட்டளையும் ஒரு வரிதான். கிட்டில் அதன் எடை விரலுக்குத் தெரிந்துவிடும். 'மூவ் ஏ, பி' என்றால் 78, ஒரே பைட். 'எம்விஐ ஏ, 05' என்றால் 3இ, 05. 'எல்டிஏ 8050' என்றால் 3ஏ, 50, 80 என்று மூன்று. அட்ரஸின் கீழ்ப்பாதி முதலில் போகும். ரெஜிஸ்டர் (எண் பிராசசருக்குள் ஏ, பி போன்ற சேமிப்பிடத்தில்), இம்மீடியட் (எண் கட்டளையிலேயே), டைரக்ட் (எண் இருக்கும் அட்ரஸ் கட்டளையில்) என்று மனப்பாடம் செய்த பெயர்களுக்கு அப்போதுதான் உடம்பு வந்தது.

8050, 8051-இல் உள்ள இரண்டு எண்களைக் கூட்டி 8052-இல் வைக்கும் கணக்கை முதலில் டைரக்டாக எழுதினேன். எல்டிஏ, மூவ் பி, ஏ, மறுபடி எல்டிஏ, ஆட் பி, எஸ்டிஏ, ஹால்ட்: 12 பைட். பிறகு எச், எல் ரெஜிஸ்டர்கள் சேர்ந்த எச்எல் ஜோடியில் 8050-ஐ ஏற்றி, மூவ் ஏ, எம், ஐஎன்எக்ஸ் எச், ஆட் எம், மறுபடி ஐஎன்எக்ஸ் எச், மூவ் எம், ஏ, ஹால்ட் என்று ரெஜிஸ்டர் இன்டைரக்ட் வழியில் (எம் என்பது எச்எல் காட்டும் மெமரி இடம்) எழுதினால் 9 பைட்தான். ஹால்ட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 47 டி-ஸ்டேட் (கடிகாரத் துடிப்பு) 43 ஆகிறது. இரண்டு எண்ணுக்கே இப்படி. பத்து எண்ணைக் கூட்டச் சொன்னால் டைரக்ட் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

8085-இன் எழுத்துமுறை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், மோடு கட்டளையின் பெயரிலேயே இருப்பது. எம்விஐ, ஏடிஐ, சிபிஐ என்று கடைசியில் ஐ வந்தால் இம்மீடியட். 6502 என்ற இன்னொரு பிராசசரில் ஒரே எல்டிஏதான். எண்ணுக்கு முன்னால் ஹாஷ் குறி விட்டுப்போனால் அந்த எண் அட்ரஸாகிவிடும், அசெம்பிளரும் வாய் திறக்காது. இங்கே அந்தப் பயம் இல்லை. மூவ்-இல் வாங்குபவர் முன்னே, கொடுப்பவர் பின்னே. அது பழகிவிட்டால் போதும்.

இனி குறை. கிட்டோடு வந்த கையேட்டில் 'எல்டிஏஎக்ஸ் எச்' என்று ஒரு கட்டளை அச்சாகியிருக்கிறது. அப்படி ஒன்று 8085-இல் கிடையாது. எல்டிஏஎக்ஸ் பி 0ஏ, எல்டிஏஎக்ஸ் டி 1ஏ, ஆகவே எச்-க்கு 2ஏ என்று நானே கணக்குப் போட்டுத் தட்டினேன். விடை தப்பு. ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கடைசியில், ஒரு தட்டலுக்கு ஒரு கட்டளை மட்டும் ஓட்டும் சிங்கிள் ஸ்டெப் விசைதான் காட்டிக்கொடுத்தது: 8003-க்கு அடுத்து 8004 வராமல் 8006 வந்தது. 2ஏ என்பது எல்எச்எல்டி, மூன்று பைட் கட்டளை. பின்னாலிருந்த 23, 86 (ஐஎன்எக்ஸ் எச், ஆட் எம்) இரண்டையும் அட்ரஸ் என்று விழுங்கிவிட்டு, 8623-இல் கிடந்த ஏதோ ஒன்றை எச்எல்-இல் நிரப்பியிருக்கிறது. எச்எல் வழியாக எடுக்க மூவ் ஏ, எம் இருக்கும்போது இன்னொன்று தேவையில்லை என்று அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். படிப்பவரை நம்பவைக்கும் கையேட்டில் இந்தப் பிழை இருக்கக் கூடாது.

அதே கையேடு ஆப்கோடுகளை அகரவரிசையில் அடுக்கியிருப்பதும் பயனில்லை. மூவ் எல்லாம் 01 என்ற இரண்டு பிட்டில் தொடங்கி, அடுத்த மூன்று பிட் வாங்கும் ரெஜிஸ்டர், கடைசி மூன்று கொடுக்கும் ரெஜிஸ்டர். பி 000, ஏ 111, மெமரி 110. எட்டுக்கு எட்டுக் கட்டம் வரைந்தால் மூவ் முழுவதும் அதில் அடங்கும். மெமரியிலிருந்து மெமரிக்கு என்ற கட்டத்தில் மட்டும் 76 வரும், அது ஹால்ட். அந்தக் கட்டத்தை வரைந்து கிட்டின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன்.

டிஸ்ப்ளேயில் 6-க்கும் பி-க்கும் மேல்கோடு ஒன்றுதான் வித்தியாசம், சாய்ந்து பார்த்தால் ஏமாறுவோம். பேட்டரி இல்லாததால் மின்சாரம் போனால் ராமில் தட்டியதெல்லாம் போய்விடும். விசைகள் உறுதியானவை, இதுவரை ஒன்றும் இரட்டை அடி அடிக்கவில்லை.

பெரிய புரோகிராம் எழுத நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், சிமுலேட்டரே போதும். முதல்முறை அசெம்பிளி படிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆப்கோடு அட்டவணையை மட்டும் இன்டெல் வெளியிட்ட டேட்டாஷீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.