நைட்டியா, ஜாக்கெட்டா, டாப்ஸா: பால் கொடுக்கும் அம்மாவுக்கு எது ஒத்துவரும்?

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் கொடுத்தால், அம்மா தன் உடையைத் திறந்து மூடுவது இருபது தடவையைத் தொட்டுவிடும். அதில் பாதி தூக்கக் கலக்கத்தில், இருட்டில், அழுகிற பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு நடக்கிற வேலை. கடையில் நாம் துணியையும் நிறத்தையும் விலையையும் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது திறப்பைத்தான்: எங்கே திறக்கிறது, எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதை.

காம்பை மட்டும் கவ்விக் குடிக்கும் குழந்தைக்குப் பால் சரியாக வராது, அம்மாவுக்குக் காம்பு வெடித்துப் புண்ணாகும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். அதற்கு மார்பு முழுசாக வெளியே வர வேண்டும், அதைக் கீழிருந்து தாங்க நான்கு விரலுக்கு இடமும் வேண்டும். திறப்பு சிறிதாக இருந்தால் துணியின் விளிம்பு மார்பை ஒரு பக்கம் அமுக்கும். அப்படியே தினமும் அமுங்கினால் அந்த இடத்தில் பால் வடியாமல் கட்டிக்கொள்ளும், சிவந்து வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். "பால் கட்டிக்கிச்சு" என்று வருகிற பெண்களிடம் அன்றாடம் என்ன ஜாக்கெட், என்ன பிரா போடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

கடையிலேயே செய்து பார்க்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. கையை முஷ்டியாக மூடி அந்தத் திறப்பு வழியே விட்டு எடுங்கள். இழுபடாமல் போய் வந்தால் அந்த உடை ஆகும். விரல்களைக் கூட்டி நுழைக்க வேண்டியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நைட்டி: ஒரே பெயரில் நான்கு வகை

வீட்டிலிருக்கும் முதல் மூன்று மாதம் பெரும்பாலும் நைட்டியில்தான் கழியும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

சாதாரண நைட்டியில் நடுவே வரும் ஜிப் பெரும்பாலும் 7, 8 அங்குலம்தான் இருக்கும். அது இரண்டு மார்புக்கும் நடுவிலேயே முடிந்துவிடுவதால் துணியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டே கொடுக்க வேண்டியிருக்கும். கையை எடுத்தால் துணி திரும்ப வந்து குழந்தையின் மூக்கை மூடும். நடு ஜிப்தான் பிடிக்கும் என்பவர்கள் 12 முதல் 14 அங்குல ஜிப் உள்ளதாகத் தேட வேண்டும், அல்லது தையல்காரரிடம் கொடுத்து நீட்டிக்கொள்ள வேண்டும். தாராளமாகத் திறக்கும் என்பது இதன் பலம். நெஞ்சு முழுவதும் வெளியே தெரியும் என்பதால் ஆட்கள் வந்து போகிற வீட்டில் மேலே ஒரு துண்டு வேண்டும்.

ஃபீடிங் நைட்டி என்று விற்பதில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் மறைவான ஜிப் இருக்கும். மூடியிருந்தால் மடிப்புத் தையல் போலத்தான் தெரியும், திறந்தாலும் உடம்பு அதிகம் தெரியாது. ஆனால் எல்லாமே ஜிப் வைத்த இடத்தைப் பொறுத்தது. ஜிப் காம்பின் நேர்கோட்டில் வர வேண்டும். பல தயாரிப்புகளில் அது அக்குள் பக்கம் தள்ளிப் போயிருக்கும். அப்போது மார்பைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுக்க வேண்டும். இழுத்த மார்பு குழந்தையின் வாயிலிருந்து பின்னுக்கு நழுவிக்கொண்டே இருக்கும், கடைசியில் பிள்ளை காம்பு நுனியில் தொங்கும். நீளம் 9 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உள்பக்கம் ஜிப் பல்லை மூடி ஒரு பட்டித் துணி தைத்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். பட்டி இல்லாவிட்டால் ஒரு பக்கம் காம்பு உரசும், இன்னொரு பக்கம் குழந்தையின் கன்னம் உரசும். உலோக ஜிப் கூடவே கூடாது. மேலிருந்து கீழே இறங்கித் திறக்கும் ஜிப்பே நல்லது. கீழிருந்து மேலே ஏறும் வகையில் அதன் இழுப்பான் பிள்ளையின் முகத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஜிப் இல்லாத மூன்றாவது வகையில் மார்புக்குக் கீழே குறுக்காக வெட்டு இருக்கும், அதன் மேல் ஒரு அடுக்குத் துணி திரை போல விழும். திரையைத் தூக்கினால் போதும். நடு இரவில் இதை விட எளிதானது எதுவுமில்லை: சத்தம் இல்லை, தேடுவதற்கு இழுப்பான் இல்லை, குழந்தையின் முகத்தில் உரச எதுவும் இல்லை. மார்பின் மேல் இரட்டைத் துணி இருப்பதால் சித்திரை, வைகாசி வெயிலில் புழுங்கும். மெல்லிய வாயில் (voile) துணியிலோ பனியன் துணியிலோ வாங்கினால் அந்தக் குறை பெரிதும் குறைந்துவிடும். இரவுக்கு எங்கள் தேர்வு இதுவே.

நான்காவது, கழுத்திலிருந்து பாதம் வரை பட்டன் வைத்து முழுக்கத் திறக்கும் நைட்டி. பழைய மோஸ்தர் என்று ஒதுக்குகிறார்கள். ஆஸ்பத்திரிப் பைக்கு இதுதான் முதலில் போக வேண்டும். கையில் டிரிப்ஸ் ஊசி இருக்கும்போது தலை வழியாக எதையும் மாட்ட முடியாது. பிறந்த குழந்தையை வெற்று நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அதற்கும் முன்பக்கம் முழுக்கத் திறக்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் மேல் எந்தப் பட்டையும் எலாஸ்டிக்கும் படாது. கை அகலமாக உள்ளதாக மூன்று வாங்கினால் போதும், நான்கு வாரத்துக்குப் பிறகு தேவை குறைந்துவிடும்.

புடவையும் ஜாக்கெட்டும்

மறைப்பதற்கு முந்தானையைப் போல ஒன்று எந்த நாட்டு உடையிலும் இல்லை. பஸ்ஸிலோ பந்தியிலோ உட்கார்ந்த இடத்தில், எதையும் பையிலிருந்து எடுக்காமல் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். தமிழக அரசு 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது பெரிய உதவிதான். ஆனால் பிள்ளை பசித்து அழுவது பாதி வழியில், ஓடுகிற பஸ்ஸில்.

இங்கே சிக்கல் புடவையில் இல்லை, ஜாக்கெட்டில் இருக்கிறது. பிரசவமாகி மூன்று முதல் ஐந்து நாளில் பால் நிறைந்து மார்பு பெருக்கும். கல்யாணத்துக்குத் தைத்த அளவு ஜாக்கெட் அப்போது ஏறாது, ஏறினாலும் இறுக்கும். கீழ்க் கொக்கி இரண்டை மட்டும் கழற்றி மார்பைக் கீழ் வழியாக எடுத்துக் கொடுப்பது பரவலான வழக்கம். அப்போது மேல் கொக்கிகள் போட்டபடி இருக்க, துணி விளிம்பு மார்பின் மேல்பாகத்தைக் கயிறு போல அழுத்தும். கீழிருந்து மேலாக, மேல் கொக்கி ஒன்று மட்டும் மிஞ்சும் வரை கழற்றுவது சரி. முந்தானை தோளில் இருக்கிறது, எதுவும் தெரியப் போவதில்லை.

புதிதாகத் தைப்பதானால் தையல்காரரிடம் சொல்ல வேண்டியவை இவை. முன்கொக்கிதான், பின்கொக்கி வேண்டாம். மார்புச் சுற்றில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் தளர்வு. பக்கத் தையலில் இரண்டு புறமும் ஒன்றரை அங்குலம் உள்துணி, பிரித்து விட்டுக்கொள்ளவும் பிறகு பிடித்துக்கொள்ளவும். பேட் வேண்டாம், கிண்ண வடிவில் தனித் துண்டு வெட்டித் தைக்கும் கட்டோரியை விட, மடிப்புப் பிடித்துத் தைக்கும் சாதாரண டாட் ஜாக்கெட் நல்லது, ஏனென்றால் கட்டோரியின் வளைவுத் தையல் மார்பு பெருத்த நாளில் தவறான இடத்தில் உட்கார்ந்து அமுக்கும். கொக்கிக்குப் பதில் பிரஸ் பட்டன் வைத்தால் ஒரு கையால் திறக்கலாம், ஆனால் பால் நிறைந்த நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும். ஆகவே மேலும் கீழும் கொக்கி, நடுவில் பிரஸ் பட்டன் என்று கலந்து வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வெல்க்ரோ வேண்டாம். திறக்கும் சத்தத்தில் தூங்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

முந்தானையைத் தோளில் குத்தும் ஊக்கு தோளுக்குப் பின்பக்கமாக இருக்கட்டும். நெஞ்சுப் பக்கம் ஒரு ஊக்கும் வேண்டாம். கஞ்சி போட்ட காட்டன் புடவை பிள்ளையின் முகத்தில் உரசும். சுங்குடி மாதிரி மெல்லிய காட்டனைக் கஞ்சி போடாமல் துவைத்துக் கட்டினால் பட்டுப்போல் இருக்கும். சிசேரியன் ஆனவர்கள் உள்பாவாடை நாடாவைத் தையலுக்கு நன்றாக மேலே, தளர்த்திக் கட்ட வேண்டும். வயிறு வற்றுவதற்கு என்று துணி சுற்றிக் கட்டும் வீடுகளில், அந்தக் கட்டு மார்பின் அடிப்பாகம் வரை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாப்ஸ், சுடிதார், சட்டை

ஃபீடிங் டாப்ஸில் வரும் மறைவு ஜிப்புக்கு நைட்டியில் சொன்ன எல்லாமே பொருந்தும். கூடுதலாக ஒன்று: டாப்ஸ் உடம்பை ஒட்டித் தைக்கப்படுவதால், ஜிப் அரை அங்குலம் தள்ளிப் போனாலும் கஷ்டம் உடனே தெரியும். போட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்குவதை விட, கையிலிருக்கும் தளர்வான டாப்ஸ் ஒன்றில் ஜிப் வைத்துக்கொள்வது நல்லது. பிராவுடன் போட்டுக் கண்ணாடி முன் நின்று, காம்பு வரும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்துக் கொடுங்கள். உட்கார்ந்த நிலையிலும் ஒரு முறை குறி பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்காது.

தைக்கவே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு அடுக்கு முறை இருக்கிறது. உள்ளே கழுத்து இறங்கிய அல்லது மார்புக்குக் கீழே வெட்டிய பனியன், வெளியே தளர்வான டாப்ஸ் அல்லது டி-ஷர்ட். வெளி உடையைத் தூக்கி, உள் உடையை இறக்கிக் கொடுக்க வேண்டும். மேல்பாகத்தை டாப்ஸ் மறைக்கும், வயிற்றைப் பனியன் மறைக்கும், மிச்சத்தைப் பிள்ளையே மறைத்துவிடும். ஜிப் வைத்த எந்த உடையை விடவும் திறப்பு அகலம். முழு நீள சுடிதாருக்கு இது ஆகாது, இடுப்புக்குச் சற்றுக் கீழே முடியும் டாப்ஸ்தான் சரி.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். காப்பகம் பக்கத்தில் இல்லாதவர்கள் பம்பில் எடுத்து வைக்கிறார்கள். பம்பின் புனல் ஜிப் பிளவுக்குள் நேராக உட்காராது. ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் உறிஞ்சும் அழுத்தம் கசியும், பாலும் உடையில் வழியும். முன்பட்டன் சட்டையோ முன்கொக்கி ஜாக்கெட்டோ இரண்டு அடுக்கோ தான் அலுவலக நாளுக்கு ஏற்றது.

துப்பட்டாவா, ஃபீடிங் கவரா? கழுத்தில் வளையம் வைத்த கவரில் மேலிருந்து குனிந்தால் பிள்ளையின் முகம் தெரியும், அதுதான் அதன் ஒரே மேன்மை. நம் ஊர் வெக்கையில் பாலியெஸ்டர் கவருக்குள் குழந்தை வியர்த்து, உதறி, கவரையே பிடுங்கி எறியும். மெல்லிய காட்டன் துப்பட்டாவை ஒரு தோளில் முடிந்து விட்டால் போதும், மூக்கு எப்போதும் உங்கள் கண்ணில் படட்டும்.

உள்ளாடை

சாதாரண பிராவை மேலே தூக்கி விட்டுக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதன் அடிப்பட்டை மார்பின் மேல் ஏறிச் சரியாகப் பால் வரும் பாதையை அழுத்தும். கம்பி வைத்த பிரா பால் சுரப்பு நிலைப்படும் முதல் வாரங்களில் வேண்டவே வேண்டாம். தோள் கிளிப்பைக் கழற்றிக் கப் இறங்கும் நர்சிங் பிரா கனமான மார்புக்கு நல்ல தாங்கல் தரும். ஆனால் கப் இறங்கிய பின் நிற்கும் உள்பட்டையில் வட்டத் துளை சிறிதாக இருந்தால், பழைய கதைதான், முஷ்டிச் சோதனை அங்கும் வேண்டும். குறுக்கே மடிந்து விலகும் பனியன் துணிப் பிரா இரவுக்குச் சுகம், பகலில் தாங்கல் போதாது. ஒன்பதாம் மாதம் வாங்கினால், மிகத் தளர்ந்த கொக்கியில் பொருந்துவதாக இரண்டு மட்டும் வாங்குங்கள். பிரசவத்துக்குப் பின் விலாச் சுற்று குறையும்போது உள்கொக்கிக்கு மாறலாம். மற்றவற்றைப் பால் வந்த பிறகு அளந்து வாங்குவது மேல்.

ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் கசிவதற்குப் பழைய வேட்டித் துணியை 5 அங்குல வட்டங்களாக வெட்டி ஐந்தாறு அடுக்கு வைத்துத் தைத்தால் அருமையான பேட். பிளாஸ்டிக் அடி உள்ள கடைப் பேட் கசிவை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். காம்பு நாள் முழுக்க ஈரத்தில் ஊறினால் பூஞ்சை பற்றும். வெளியே போகும்போது கடைப் பேட், வீட்டில் வேட்டிப் பேட், எதுவானாலும் நனைந்ததும் மாற்ற வேண்டும். பால் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். ஒரே நிறத் துணியை விடச் சிறு பூப் போட்ட துணியில் ஈரம் தெரியாது.

விசேஷ நாள்

மூன்றாம் மாதம் ஒரு கல்யாணம் வரும், பீரோவிலிருந்து பட்டுப்புடவை இறங்கும். ஜரிகை வேலையும் கல்லும் மணியும் ஜாக்கெட்டின் முன்பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அதற்கும் பிள்ளையின் கன்னத்துக்கும் நடுவே ஒரு மல் துணி விரியுங்கள். அதை விட முக்கியமானது அந்துருண்டை. அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். அந்தக் குறை பிள்ளைக்கு இருக்கிறதா என்பது பல வீடுகளில் தெரிந்திருக்காது. அந்துருண்டை வாசம் அடிக்கும் புடவையை அன்றைக்கு உடுத்தவே வேண்டாம், வேறொன்று கட்டிக்கொள்ளலாம். பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய வேட்டி, தொட்டில் சேலை, பிள்ளைத் துணி எல்லாவற்றையும் நன்றாகத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, வாசம் முழுக்கப் போன பிறகே குழந்தையின் மேல் படவிட வேண்டும்.