8 கேமரா 'செட்': பொருத்திப் பராமரிப்பவரின் மதிப்பீடு

2 மெகாபிக்சல் கண்காணிப்புக் (சிசிடிவி) கேமராக்கள் எட்டு, அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் 8 சேனல் டிவிஆர் ஒன்று, 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், கேமராக்களுக்கு 12 வோல்ட் தரும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் ஒன்று, 90 மீட்டர் 3+1 கேபிள் சுருள் (படத்துக்கு ஒரு கோஆக்சியல் கம்பி, மின்சாரத்துக்கும் ஒலிக்கும் மூன்று மெல்லிய கம்பிகள்), அதைக் கருவிகளில் மாட்டத் தேவையான பிஎன்சி முனைகள் ஆகியவற்றை ஒரே விலையில் கட்டிக் கொடுப்பதைத்தான் சந்தையில் 'செட்' என்கிறார்கள். ஈரோட்டைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகள், அரிசி ஆலைகள், மளிகைக் கடைகள், வீடுகள் ஆகியவற்றில் இந்தச் செட்டுகளைப் பொருத்துவதும் பிறகு வரும் புகார்களுக்குப் போய் நிற்பதும் என் தொழில். ஆகவே, பெட்டியைப் பிரித்த அன்று எப்படித் தெரிகிறது என்பதைவிட, இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு எப்படி நிற்கிறது என்பதை வைத்தே இதை மதிப்பிடுகிறேன். செட்டில் உள்ள கேமராக்கள், அவற்றின் விலைக்கு, குறை சொல்ல இடமில்லாதவை. காசை மிச்சம் பிடிப்பதெல்லாம் டிவிஆர், டிஸ்க், கேபிள், மின்வழங்கி ஆகிய நான்கில்தான் நடக்கிறது. வாங்குபவர் பார்ப்பதோ கேமராவை மட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோஆக்சியல் கேபிளில் உயர் தெளிவுப் படத்தை அனுப்புவதற்கு டிவிஐ, சிவிஐ, ஏஹெச்டி என மூன்று முறைகள் பரவலாக உள்ளன. இன்று விற்கும் டிவிஆர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும், பழைய அனலாக் கேமராவையும், நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் சில ஐபி கேமராக்களையும் சேர்த்து ஏற்றுக்கொள்கின்றன. கேமராவிலும் முறையை மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. இதன் அருமை மூன்றாவது ஆண்டில் தெரியும். ஒரு கேமரா பழுதானால் அதே நிறுவனத்தின் அதே மாடலைத் தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளூர்க் கடையில் கிடைக்கும் எந்தக் கேமராவையும் மாட்டிவிட்டு அன்றைக்கே வேலையை முடித்துவிடலாம். ஐபி கேமராக்களில் ஆன்விஃப் என்ற பொது முறை இருந்தாலும், வேறு நிறுவனத்தின் கேமராவை மாட்டும்போது படம் வரும், அசைவு அறிவிப்பு வராது என்பது போன்ற சிக்கல்கள் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இனி டிவிஆர். பெட்டியின் மேல் 1080பி என்று அச்சிட்டிருக்கும், கேமராவும் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தையே அனுப்பும், நேரலையில் திரையில் பார்க்கும்போது படமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் மலிவான டிவிஆர்கள் டிஸ்க்கில் எழுதும்போது '1080 என்' அல்லது '1080 லைட்' என்ற அளவில்தான் எழுதுகின்றன. அகலவாக்கில் பாதிப் புள்ளிகளை, அதாவது ஏறத்தாழ 960 புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்ப ஓட்டும்போது படத்தை இழுத்து நீட்டிக் காட்டுகின்றன. நேரலையில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்து பணத்தைக் கொடுத்தவருக்கு, திருட்டு நடந்த பிறகு பதிவைப் பெரிதாக்கிப் பார்க்கும் நாளில்தான் இது தெரியவரும். 5 மெகாபிக்சல் என்று விற்கும் சில டிவிஆர்களிலும் இதே கதைதான்; முழு அளவில் பதிவு செய்யச் சொன்னால் நொடிக்கு 12 படச் சட்டங்களை (ஃபிரேம்) தாண்டாது. சோதிப்பது எளிது. பொருத்தி முடித்ததும் வாசலில் ஒரு பைக்கை நிறுத்திவிட்டு, நேரலையில் அல்லாமல் பத்து நிமிடம் முன்பு பதிவான காட்சியை ஓட்டி நிறுத்தி, எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதோடு, பதிவு அமைப்புப் பக்கத்தில் 'ரெசல்யூஷன்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

பாதிப் புள்ளிகள் போனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. முன்பின் அறியாத ஒருவரின் முகத்தைப் பதிவிலிருந்து அடையாளம் காண வேண்டுமானால், அவர் நிற்கும் இடத்தில் படத்தின் அகலம் மீட்டருக்கு 250 புள்ளிகளாவது கொண்டிருக்க வேண்டும் என்று கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676 என்ற பன்னாட்டுத் தரநிலையின் நான்காம் பகுதி சொல்கிறது. 1920 புள்ளிகளை 250ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் வருகிறது. செட்டில் வழக்கமாக வரும் 2.8 மி.மீ. லென்ஸ் 100 டிகிரிக்கு மேல் விரிந்து பார்ப்பதால், அந்த 7.7 மீட்டர் அகலம் கேமராவிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள்ளேயே நிறைந்துவிடுகிறது. அதைத் தாண்டி நிற்பவர் யாரோ ஒருவர் என்றுதான் தெரியும். 1080 என் முறையில் இந்தத் தூரமும் பாதியாகி ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். கல்லாவுக்கு மேலே உள்ள கேமராவைத் தவிர மற்ற எதிலும் முகம் கிடைக்காது. ஆகவே எட்டுக் கேமராவிலும் ஒரே லென்ஸ் வருவதை நான் ஏற்பதில்லை. வாசலையோ கேட்டையோ பார்க்கும் கேமராவுக்கு 6 மி.மீ. லென்ஸ் கேட்டு வாங்கச் சொல்கிறேன். பரப்பு குறையும், ஆனால் ஏறக்குறைய 8 மீட்டர் தூரம் வரை முகம் நிற்கும். 'கடை முழுக்கத் தெரியணுங்க' என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது, கேபிள் இழுப்பதைவிடக் கடினமான வேலை.

டிஸ்க் விஷயத்தில் விற்பவர் சொல்லும் '30 நாள் பதிவு' என்ற வாக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஹெச்.265 என்ற படச் சுருக்க முறையில் கேமரா ஒன்றுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், எட்டுக் கேமராவுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 173 ஜிகாபைட் ஆகும். 1 டெராபைட் டிஸ்க் ஆறு நாளைக்குள் நிரம்பி, பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படத் தொடங்கிவிடும். முப்பது நாள் வேண்டுமானால் 6 டெராபைட் தேவை, அதை அந்த டிவிஆர் ஏற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். இதே கணக்கில் ஓர் ஆண்டில் டிஸ்க்கில் எழுதப்படுவது 63 டெராபைட். கணினிக்கென்று செய்யப்படும் சாதாரண டிஸ்க்குகள் ஆண்டுக்கு 55 டெராபைட் அளவிலான வேலைக்கே வடிவமைக்கப்படுகின்றன. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்க்குகளுக்கு அந்த அளவு 180 டெராபைட். செட்டுக்குள் எந்த டிஸ்க் இருக்கிறது என்று டிவிஆரின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பழைய கணினியிலிருந்து எடுத்த டிஸ்க் உள்ளே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்கில் இடம் இருந்தால் மட்டும் போதாது. பதிவு எத்தனை நாளில் தானாக அழிய வேண்டும் என்று குறிக்கும் அமைப்பு ஒன்று பல டிவிஆர்களில் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், 1 டெராபைட் இடம் இருந்தும் கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் குறிப்பிட்டார். அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலையங்களில் பதிவுகளை 18 மாதம் வரை காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் உத்தரவிட்டது. கடைக்கும் வீட்டுக்கும் அத்தனை மாதம் தேவையில்லை. ஆனாலும் அந்த அமைப்பு 'ஆஃப்' நிலையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பராமரிப்பின்போதும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

எனக்கு வரும் புகார்களில் மிகவும் பழக்கமானது இது: 'அண்ணா, பகல்ல நல்லாத்தான் இருக்குதுங்க, ராத்திரியானா அந்தக் கடைசிக் கேமரா மட்டும் அணைஞ்சணைஞ்சு எரியுதுங்க.' கேமராவை மாற்றினால் தீரும் பழுது இல்லை இது. இருட்டியதும் கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, கேமரா இழுக்கும் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது, நீண்ட கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே கரைந்துவிடுகிறது. 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 60 மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பும் தடை ஏறக்குறைய 4 ஓம். அரை ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் போய், 12 வோல்ட்டில் 10 மிஞ்சும். அதே கேபிள் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் 3 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். கேமரா அணைந்து, விளக்கும் அணைந்து, மின்னழுத்தம் மீண்டும் ஏறி, மீண்டும் எரிந்து, இரவெல்லாம் இப்படியே நடக்கும். செட்டில் வரும் கேபிளில் கம்பி இதைவிட மெலிந்ததாகவே இருப்பதுண்டு. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். கேபிளில் ஒலிக்கென்று விடப்பட்டிருக்கும் மூன்றாவது கம்பியை மைனஸோடு சேர்த்து முறுக்கியும், எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சிறு திருகைத் திருப்பி வெளியீட்டைச் சற்று உயர்த்தியும் ஓரளவு சமாளிக்கலாம். தூரம் அதிகமென்றால் கேமராவுக்குப் பக்கத்திலேயே தனி அடாப்டர் வைப்பதுதான் சரியான வழி. செட்டில் உள்ள கேபிளை நான் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுச் செம்புக் கேபிளைத் தனியாக வாங்கச் சொல்கிறேன்.

மின்வழங்கி ஒன்றே ஒன்றாக இருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அது போனால் எட்டும் போய்விடும். அதைவிட வேடிக்கை, டிவிஆரை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை நேரடி மின்சாரத்தில் விட்டுவிடுவது. கரண்ட் போன நேரத்தில் டிவிஆர் விழித்திருந்து கறுப்புத் திரையை ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

பூச்சிகளைப் பற்றிப் பெட்டியில் ஒன்றும் எழுதியிருக்காது. அகச்சிவப்பு விளக்கின் சூட்டை நாடிப் பூச்சி வரும், பூச்சியை நாடிச் சிலந்தி வரும், லென்ஸின் முன்னால் வலை கட்டும். இரவில் அந்த வலை வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்து படத்தை மறைப்பதோடு, அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்திருந்தால் டிஸ்க்கையும் நிரப்பிவிடும். வெளியிடங்களுக்குக் குமிழ் வடிவ டோம் கேமரா வேண்டாம். அதன் கண்ணாடிக் குமிழில் தூசும் கைரேகையும் படிந்தால் அகச்சிவப்பு ஒளி உள்ளுக்குள்ளேயே திரும்பிப் படம் மங்கிவிடும். மழை நீர் புகாத சந்திப்புப் பெட்டியை ஒவ்வொரு கேமராவுக்கும் கேட்டு வாங்குங்கள். செட்டில் அது வராது, வராததால் பிஎன்சி முனை பச்சை பூத்து ஒரே ஆண்டில் படத்தில் கோடு விழும்.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். பல டிவிஆர்கள் பெய்ஜிங் நேரத்தில் அமைக்கப்பட்டு வருகின்றன. இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும் வசதியை இயக்கியதும் கடிகாரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே போய் நிற்கும். மணியைக் கையால் திருத்தினால் மறுநாள் மீண்டும் மாறிவிடும், நேர மண்டலத்தைத்தான் திருத்த வேண்டும். பதிவு நீதிமன்றம் வரை போகும் நிலை வந்தால் இந்த இரண்டரை மணி நேரம் பெரும் வில்லங்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தருபவர் அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் குறியீடு) குறித்த சான்றிதழையும் இணைக்க வேண்டும். திரையைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவது அதற்கு உதவாது. பென் டிரைவில் டிவிஆரிலிருந்தே எடுக்கக் கற்றுக்கொடுப்பதைப் பொருத்துபவரின் கடமையாகவே கருதுகிறேன்.

செல்போனில் பார்க்கும் வசதியைப் பொறுத்தவரை, செட்டோடு வரும் செயலிகள் க்யூஆர் குறியை வருடினால் இணைந்துவிடுகின்றன, அது வசதிதான். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து, டிவிஆரை இணையத்திலிருந்து யாரும் எட்டும்படி விட்டுவிடும் பழைய முறையை இன்னும் கடைப்பிடிப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற நிரல், ஆலையிலேயே வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத டிவிஆர்களையும் கேமராக்களையும் உலகெங்கும் வளைத்துப் போட்டு, அக்டோபர் 21 அன்று இணையதளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் சேவையை முடக்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராக் காட்சிகள் டெலிகிராமில் விலைக்கு வந்ததற்கும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லே வழிவிட்டது. இணையத்தில் இணையும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய இருப்பைத் தள்ளுபடியில் தள்ளிவிடுபவர்களிடம் எச்சரிக்கை தேவை. கடவுச்சொல்லை உரிமையாளரே வைத்துக்கொள்ள வேண்டும். பொருத்தியவர் ஊரைவிட்டுப் போய், கடவுச்சொல்லும் அவரோடு போய், டிவிஆரை ஆலை நிலைக்குத் திருப்ப வேண்டி வந்த இடங்கள் பல. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, கடைப் பையன்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனர் பெயரை உருவாக்கித் தருகிறேன்.

புதிதாகக் கட்டும் கட்டடத்துக்கும், பதினாறு கேமராவுக்கு மேல் தேவைப்படும் இடத்துக்கும் இந்தச் செட்டை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே ஒரே கேட்6 கேபிளில் மின்சாரமும் படமும் போகும் பிஓஇ முறையே நல்லது. 100 மீட்டர் எல்லைக்குள் மின்னழுத்தத் தொல்லை அதில் மிகக் குறைவு, படமும் முழுப் புள்ளிகளோடு பதிவாகிறது. பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராக்கள் வாடகை வீட்டுக்குப் போதும், கடைக்குப் போதாது. எட்டுக் கேமராவுக்குள் முடியும் கடைக்கும் வீட்டுக்கும் இந்தச் செட் இன்னும் தகுதியானதே. ஆனால் அதை அப்படியே வாங்காமல், கேமராக்களை மட்டும் வைத்துக்கொண்டு, முழு 1080பி பதிவு செய்யும் டிவிஆர், 4 டெராபைட்டுக்குக் குறையாத கண்காணிப்பு டிஸ்க், செம்புக் கேபிள், இரண்டு மின்வழங்கிகள், வாசலுக்கு 6 மி.மீ. லென்ஸ் கேமரா ஒன்று என மாற்றித் தரச் சொல்லி விலை கேளுங்கள். மாற்ற மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதானால், லென்ஸ் துடைப்பதும், கடிகாரம் சரிபார்ப்பதும், பழைய தேதியில் ஒரு பதிவை எடுத்து ஓட்டிக் காட்டுவதும் அதில் எழுத்தில் இருக்கட்டும்.